மானைச் சுமந்த மரக்கலங்கள்

சரித்திரம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன அரசர் பெயர்களும் போர் நிகழ்ந்த ஆண்டுகளுமே. 1066-ம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தை வென்ற கதையைப் பாடசாலையில் நாம் மனனஞ் செய்திருக்கிறோம். அந்த நோர்மானியர் தம் ஆட்சிக்காலத்தில் அந்நாட்டிலே வேலியிட்டு வளர்த்த மான்களைப் பற்றி எவரும் நமக்குச் சொல்லவில்லை. மக்களுக்குச் சரித்திரம் இருப்பதுபோல விலங்குகளுக்கும் சரித்திரம் உண்டு. அதனைக் கூர்ந்து படிப்பவர்க்கு மனிதனுடைய சரித்திரமே வேறொரு கண்ணாடியில் தெரியும்.

மனிதன் குடிபெயர்ந்த இடமெல்லாம் தானியத்தைக் கொண்டுசென்றான்; பசுவையும் ஆட்டையும் நாயையும் உடன் கொண்டுசென்றான். இவை அவனுக்கு அடங்கிய பிராணிகள். அவன் சொற்படி நடப்பவை. மானோ ஏரிற் பூட்ட உதவாது, பொதி சுமக்காது, பட்டிக்குத் தானாகத் திரும்பி வராது, மனித அரவங் கேட்டவுடன் பாய்ந்து மறையும். அத்தகைய விலங்கைப் பிடித்துத் தோணியில் ஏற்றி, கடல் கடந்து, முன்பின் காணாத கரையிலே மனிதன் இறக்கிவிட்டானே, அஃது எதன்பொருட்டு? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மான்வகைகள் பல. அவை எல்லாவற்றையும் இங்கு எடுத்துரைத்தல் இயலாது. ஆகவே மனிதன் கையால் மிகுதியும் பரப்பப்பட்ட ஒரு வகையையே தலைமையாகக் கொள்வோம். ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் அறியப்பட்ட அம்மானின் உடல் கோடைகாலத்திற் கபில நிறமாய், வெண்புள்ளிகள் நிறைந்து விளங்கும். நமது புள்ளிமானைக் கண்டு பழகியவர் அதனையும் இதன் உறவென்றே எண்ணுவர். கொம்பிலே மட்டும் வேறுபாடு தெரியும். ஐரோப்பிய இனத்து ஆண்மானின் கொம்பு மேலே செல்லச் செல்ல அகன்று, விரித்த உள்ளங்கை போலத் தோன்றும். விலங்கியலார் இலத்தீன் மொழியில் இதற்குத் தாமா என்று பெயரிட்டனர். நாமும் தாமா மான் என்றே வழங்குவோம். இதில் ஐரோப்பியத் தாமா, பாரசீகத் தாமா என இரண்டு இனங்கள் உள.

பனியூழியில் ஐரோப்பாவின் வடபாகம் உறைந்து கிடந்தபொழுது ஐரோப்பியத் தாமா இரண்டே இடங்களில் உயிர் தப்பியது. சின்னாசியா எனப்படும் அனத்தோலியா ஒன்று. பால்கன் நாடுகள் மற்றொன்று. பழைய எலும்புகளிலும் இன்றைய மான்களிலும் உள்ள தாய்வழி மரபணுக்களை ஒப்பிட்டு, 2024-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி இம்முடிவைக் கூறியது. அவ்வாறு இரண்டு மூலைகளில் ஒதுங்கிக் கிடந்த மான் இன்று அயர்லாந்து முதல் நியூசீலாந்து வரை மேய்கின்றது. தென்னாபிரிக்காவிலும் ஆர்ஜென்ரீனாவிலும் தாஸ்மேனியாவிலும் அதனைக் காணலாம். இத்தனை நாடுகளுக்கும் அது தன் காலால் நடந்து சென்றதன்று.

முதற் கடற்பயணம்

மத்தியதரைக் கடலின் கிழக்குக் கோடியில் உள்ள சைப்பிரஸ் தீவு, மிக அண்மையில் உள்ள அனத்தோலியக் கரையிலிருந்தும் ஏறக்குறைய 70 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. அத்தீவிலே மான் இயற்கையாகத் தோன்றியதில்லை. ஆயினும் கி. மு. 8000-ம் ஆண்டுக்கு அண்மித்த காலத்துக் குடியிருப்புக்களைத் தோண்டியபொழுது பாரசீகத் தாமாவின் எலும்புகள் அங்கே கிடைத்தன. வெண்கலமும் இரும்பும் அறியப்படாத காலம் அது. சிறு தோணிகளிலே, கைகால் கட்டுண்ட நிலையிலோ இளங்கன்றாகவோ, யாரோ ஒருவர் மடியருகே கிடந்துதான் அம்மான் கடலைக் கடந்திருத்தல் வேண்டும்.

அதே காலப்பகுதியில் ஆடு, மாடு ஆகியவற்றையும் மக்கள் சைப்பிரசுக்குக் கொண்டுவந்தனர். நரியும் பூனையுங்கூட வந்து சேர்ந்தன. சில்லூரோகம்பொஸ் என்னும் இடத்தில், கி. மு. 7500-ம் ஆண்டளவில், ஒரு மனிதனுக்கு அருகே ஒரு பூனையைப் புதைத்திருந்தமை கண்டுபிடிக்கப்பட்டது. ஆடு மனிதன் மேய்ப்பில் வளர்ந்தது. மானோ காட்டில் விடப்பட்டு, பெருகிய பின் வேட்டையாடப்பட்டது. பல்லாயிரம் ஆண்டுகளாக அத்தீவினரின் முக்கியமான இறைச்சி உணவுகளில் ஒன்றாக மான் விளங்கியது. ஆகவே அதனைக் காட்டு விலங்கு என்று கூறுவதா, வளர்ப்பு விலங்கு என்று கூறுவதா? தானாகத் திரிந்தமையாற் காட்டு விலங்கு; மனிதன் கொண்டுவந்து விட்டமையால் அவனுடைய உடைமை. மானின் வரலாறு முழுவதும் இந்த இரட்டைத் தன்மை தொடர்ந்து வருதலை நாம் காண்போம்.

இது சைப்பிரசில் மட்டும் நிகழ்ந்ததன்று. ஈஜியன் கடலிலுள்ள கியோஸ், றோட்ஸ் என்னுந் தீவுகளுக்கும் புதிய கற்காலத்திலே தாமா மான்கள் சென்றன. இவ்விரு தீவுகளும் அனத்தோலியக் கரைக்குக் கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க அளவு நெருங்கியவை. மானும் அக்கரையில் இருந்தது. ஆயினும் அங்குச் சேர்ந்த மான்கள் அனத்தோலியாவிலிருந்து சென்றவையல்ல, தொலைவிலுள்ள பால்கன் பகுதியிலிருந்து சென்றவை என்று மேற்கூறிய ஆராய்ச்சி காட்டிற்று. வடக்கே, அயர்லாந்துக்கும் ஸ்கொத்லாந்தை அடுத்த ஓர்க்னித் தீவுகளுக்கும் ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் செம்மான்களை மனிதர் கொண்டுசென்றனர். ஓர்க்னிக்குச் சென்ற மான்கள் அண்மையிலுள்ள ஸ்கொத்லாந்துப் பெருநிலத்து மான்களோடு மரபால் ஒத்தவையல்ல என்பதும் 2016-ம் ஆண்டு ஆராய்ச்சியாற் புலனாகியது.

பக்கத்தில் இருப்பதை விட்டுத் தூரத்தில் இருப்பதைத் தேடிச் செல்வது ஏன்? வயிற்றுப் பசி ஒன்றே காரணமாயின் அண்டைக் காட்டு மானே போதும். இடம்பெயரும் மக்கள் தங்கள் பழைய நிலத்தின் ஒரு பகுதியை உடன்கொண்டு செல்ல விரும்பினர் என்று கொள்வதே பொருத்தமாகும். குலதெய்வத்தின் பிடிமண்ணை எடுத்துச்சென்று புதிய ஊரில் கோயில் அமைக்கும் வழக்கத்தை அறிந்த நமக்கு இம்மனநிலை விளங்காததன்று.

தெய்வத்தின் மான்

அரசுகள் தோன்றிய பின் மானுக்கு வேறொரு மதிப்பு ஏற்பட்டது. கி. மு. 1114 முதல் 1076 வரை அசீரியாவை ஆண்ட முதலாம் திக்லாத் பிலேசர் என்னும் மன்னன், மான்களையும் மலையாடுகளையும் பிடித்து மந்தைகளாக்கி, செம்மறிகளை எண்ணுவதுபோல் எண்ணிக் காத்ததாகவும், அவை ஈன்ற குட்டிகளை ஆண்டுதோறும் தன் தெய்வமாகிய அசூருக்குப் பலியிட்டதாகவும் கல்வெட்டிற் பெருமை பேசுகின்றான். அவனுக்குப் பின்வந்த இரண்டாம் அசூர்நசீர்பால் என்பவன் தன் புதிய தலைநகரைத் திறந்துவைத்தபொழுது 69,574 பேருக்குப் பத்து நாள் விருந்தளித்தான். அவ்விருந்துப் பட்டியலிலும் மான் இடம் பெற்றுள்ளது. வேதாகமத்திலே சாலொமோன் அரசனின் நாளாந்த உணவைக் கூறும் பகுதியிலும் மான்வகைகள் வருகின்றன. அவற்றுள் ஒன்றை 1611-ம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பாளர் தாமா மான் என்றே கொண்டனர்.

பாரசீகப் பேரரசர் காலத்தில் மதில் சூழ்ந்த பெருஞ் சோலைகள் எழுந்தன. வேட்டை விலங்குகளும் கனிமரங்களும் நீரோடைகளும் நிறைந்த அவற்றைப் பழைய ஈரானிய மொழியில் 'சுற்று மதில்' என்று பொருள்படும் சொல்லால் வழங்கினர். கிரேக்கர் அச்சொல்லைத் தம் நாவுக்கேற்பத் திரித்தனர். எபிரேய வேதாகமத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தோர் ஏதேன் தோட்டத்துக்கு அதே சொல்லை இட்டனர். கிறிஸ்தவ வேதத்தில் நாம் காணும் 'பரதீசு' என்பது அதுவே. மோட்சத்தைக் குறிக்கும் ஒரு சொல், அரசன் வேட்டையாடும் மதிற்சோலையிலே பிறந்தது என்பது சிந்திக்கத்தக்க செய்தியன்றோ!

கிரேக்கருக்கு மான் ஆர்ட்டெமிஸ் என்னும் வன தேவதைக்குரிய விலங்கு. உரோமர் அவளைத் தயானா என்றனர். தேவியின் வழிபாடு பரவிய இடங்களுக்கு மானும் பரவியது. பாரசீகக் குடாவில் இன்றைய குவைத்துக்கு அருகிலுள்ள ஒரு தீவிலே ஆர்ட்டெமிசுக்கு ஆலயம் இருந்ததென்றும், அதைச் சூழ மான்களும் காட்டாடுகளும் அச்சமின்றி மேய்ந்தனவென்றும், தேவிக்குப் பலியிடுவதற்கன்றி அவற்றை எவரும் வேட்டையாடல் கூடாதென்றும் அலெக்சாந்தரின் வரலாற்றை எழுதிய ஆரியன் என்பவர் குறிப்பிடுகின்றார்.

தெய்வத்துக்குரியது என்பதனால் மானுக்குத் துன்பம் இல்லாமற் போகவில்லை. கிரேக்கத்திலுள்ள பத்ரை நகரின் திருவிழாவில், கன்னிப் பூசகி மான்கள் இழுக்கும் தேரில் ஊர்வலம் வருவாள். மறுநாள் மான்களும் பிற விலங்குகளும் உயிருடன் வேள்வித் தீயில் எறியப்படும். இதனைப் பௌசானியாஸ் என்னும் யாத்திரிகர் எழுதிவைத்துள்ளார். பக்தியும் கொடுமையும் ஒரே தேரில் ஏறிவருவது உலகெங்கும் உள்ள காட்சியே.

ஆனால் அதே தேவியின் பெயரால் நல்ல வழக்கமொன்றும் நிலவியது. செனொபன் என்னும் ஏதென்ஸ் நகரத்து வீரர் பாரசீகப் போரிலிருந்து மீண்ட பின், ஒலிம்பியாவுக்கு அருகே ஸ்கில்லூஸ் என்னும் இடத்தில் தேவிக்கு ஆலயம் எழுப்பி நிலமும் காடும் மானியமாக விட்டார். ஆண்டுதோறும் நிகழ்ந்த விழாவில் ஊராரும் அயலாரும் ஆண் பெண் அனைவரும் கலந்துகொண்டனர். அவருடைய புதல்வரும் ஊர் இளைஞரும் விரும்பியோர் யாவரும் வேட்டைக்குச் சென்றனர். கிடைத்த மானும் பன்றியும், விளைந்த தானியமும், வந்தோர் எல்லார்க்கும் பங்கிடப்பட்டன. காடு தேவியுடையது, அதன் பயன் ஊருடையது. இந்தச் செய்தியை வாசகர் மனத்தில் இருத்துமாறு வேண்டுகிறோம். பின்வருவதை அளக்க இது கோலாக உதவும்.

உரோமரின் சோலைகள்

உரோமர் தொட்டதெல்லாம் காட்சிப் பொருளாயிற்று. கி. மு. 37-ம் ஆண்டில் வேளாண்மை நூல் எழுதிய வர்ரோ என்பவர், ஒர்த்தென்சியஸ் என்ற செல்வரின் சோலையை வருணிக்கிறார். மதில் சூழ்ந்த அக்காட்டின் பரப்பு நம் கணக்கில் முப்பது ஏக்கருக்கு மேற்பட்டது. விருந்தினர் மேட்டில் அமர்ந்து உணவருந்தும்பொழுது, ஓர்பியஸ் என்னும் புராணப் பாணனைப்போல் வேடமிட்ட ஒருவன் நீண்ட அங்கியும் யாழும் தாங்கி வருவான். அவன் கொம்பை ஊதியவுடன் மான்களும் பன்றிகளும் ஏனைய விலங்குகளும் நாற்புறமிருந்தும் வந்து சூழும். இசைக்கு மயங்கி வந்தன என்று விருந்தினர் வியப்பர். கொம்பொலி கேட்டால் தீனி கிடைக்கும் என்று விலங்குகள் பழக்கப்பட்டிருந்தன என்பதே உண்மை. கி. பி. முதலாம் நூற்றாண்டிலே கொலுமெல்லா என்பவர், இத்தகைய அடைப்புக்களில் வேலியை எவ்வாறு அமைப்பது, நீர் எவ்வாறு விடுவது, பஞ்ச காலத்தில் என்ன தீனி இடுவது என்பவற்றை ஒரு நூலிற் பகுதி பகுதியாகக் கற்பித்தார்.

பேரரசு விரிய மானும் உடன் சென்றது. தென் இங்கிலாந்தில் பிஷ்போண் என்னும் ஊரில் 1960-ம் ஆண்டு தண்ணீர்க் குழாய் பதிக்க நிலத்தைத் தோண்டியபொழுது ஒரு பெரிய உரோம மாளிகையின் அடிப்படை வெளிப்பட்டது. அங்குக் கிடைத்த தாமா மானின் தாடையெலும்புகளைப் பிற்கால ஆராய்ச்சியாளர் சோதித்தனர். விலங்கு குட்டியாய் இருக்கையில் உண்ட புல்லும் குடித்த நீரும், அவை எந்த மண்ணுக்குரியவை என்பதை அதன் பல்லிலே பதித்துவிடும். அம்முறையால் 2011-ம் ஆண்டில் அறியப்பட்டது யாதெனின், கி. பி. 60-ம் ஆண்டளவில் வாழ்ந்த ஒரு மான் கடல்கடந்து கொண்டுவரப்பட்டது. ஒரு தலைமுறைக்குப் பின் வாழ்ந்த மற்றொரு மான் அவ்விடத்திலேயே பிறந்து வளர்ந்தது. உரோமர் பிரித்தானியாவின்மீது படையெடுத்த ஆண்டு 43. அஃதாவது, வாள் வந்து இருபது ஆண்டு நிரம்பு முன்னர் மானும் வந்துவிட்டது. வென்ற நாட்டையும் தம் நாட்டைப்போல ஆக்கவேண்டும் என்ற விருப்பமே இதில் தெரிகின்றது.

மயோர்க்காத் தீவுக்கு உரோமர் காலத்திற் சென்ற மான்கள் இன்னும் விந்தையானவை. அவை ஐரோப்பியத் தாமாவன்று. மத்தியதரைக் கடலின் மறுகோடியிலிருந்து சென்ற பாரசீகத் தாமா. எளிதிற் கிட்டுவதற்கு மதிப்பில்லை, அரிதிற் கிட்டுவதற்கே மதிப்பு என்ற பழைய கதை இங்கும் தொடர்கின்றது.

உரோம ஆட்சி நீங்கியது, மாளிகைகள் இடிந்தன, வேலிகளைப் பேணுவார் இல்லை. வட ஐரோப்பாவில் உரோமர் விட்ட தாமா மான்களும் காலப்போக்கில் அழிந்தன. மனிதன் தூக்கி வந்த உயிர், அவன் கை விட்டவுடன் நிலைகொள்ள முடியாது போயிற்று.

வேலியும் சட்டமும்

இரண்டாம் முறை அம்மானை இங்கிலாந்தில் நிலைநாட்டியவர் நோர்மானியர். முன்னைய மான்கள் பால்கன் வழியினவாக இருக்க, மத்திய காலத்தில் வந்தவை அனத்தோலிய வழியினவாக இருந்தன. இன்று இங்கிலாந்தில் உலவுபவை இந்த இரண்டாம் வருகையின் வழித்தோன்றல்களே.

நோர்மானியப் பிரபுக்கள் மானுக்காகச் சோலைகளை அடைத்தனர். அடைத்த முறையில் நுட்பம் இருந்தது. மண்ணை வெட்டி மேடாகக் குவித்து, அதன்மேல் பிளந்த ஓக் மரக் கழிகளை நெருக்கமாக நட்டனர். மண் வெட்டிய பள்ளம் உட்பக்கம் அமைந்தது. உள்ளே நிற்கும் மான் பள்ளத்திலிருந்து மேட்டையும் வேலியையும் தாண்டிப் பாய முடியாது. சில இடங்களில் வெளியிலிருந்து உள்ளே குதிக்கலாம், உள்ளிருந்து வெளியே குதிக்க இயலாது என்ற வகையில் 'மான்தாண்டி'களும் வைத்தனர். அரசனுடைய மான் அயற்காட்டிலிருந்து பிரபுவின் சோலைக்குள் விழுந்துவிடுமாதலின், இதற்கு அரசனிடம் தனி அநுமதி பெறவேண்டியிருந்தது. 1086-ம் ஆண்டின் தூம்ஸ்டே பதிவேட்டில் காணப்படும் மான்சோலைகள் முப்பத்தைந்து அளவானவை. 1300-ம் ஆண்டளவில் அவை மூவாயிரத்துக்கும் மேற்பட்டிருக்கும் என்று ஆய்ந்தோர் மதிப்பிட்டனர்.

மானிறைச்சி பொதுவாகச் சந்தையில் வாங்கும் பொருளாயிருக்கவில்லை. அது கொடையாகக் கிடைப்பது. அரசன் பிரபுவுக்கு உயிர் மானைக் கொடுப்பான். பிரபு மடாலயத்துக்கு இறைச்சியைக் கொடுப்பான். யார் மேசையில் மான் இருந்ததோ அவர் உயர்ந்தோர், இல்லாதவர் தாழ்ந்தோர். வேட்டைக்குப் பின் உடலைப் பிரிப்பதற்கும் முறை உண்டு. இன்ன பாகம் வேட்டைக்காரனுக்கு, இன்ன பாகம் நாய்களுக்கு, ஓர் எலும்பு காகத்துக்கு என்று வகுத்திருந்தனர். காகத்துக்கும் பங்கு வைத்தவர்கள் குடியானவனுக்குப் பங்கு வைக்கவில்லை.

குடியானவன் நிலை யாது? அரச வனம் என்று பறைசாற்றப்பட்ட எல்லைக்குள் அவன் வயலும் வீடும் இருக்கலாம். இரவில் மான் வந்து பயிரை மேய்ந்தால் அவன் அதனைக் கொல்லுதல் கூடாது. அவன் வளர்க்கும் நாய் மானைத் துரத்தாதபடி அதன் முன்காலின் மூன்று நகங்களை வெட்டிவிடவேண்டும். வெட்டாவிடின் மூன்று சிலிங் தண்டம். மானைக் கொன்றவன் உயிரையோ உறுப்பையோ இழக்க நேரிட்ட காலமும் இருந்தது.

1215-ம் ஆண்டின் மகா சாசனத்தை நாம் அனைவரும் அறிவோம். அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின், 1217-ம் ஆண்டில், பத்து வயதுச் சிறுவனாயிருந்த மூன்றாம் ஹென்றியின் பெயரால் வெளிவந்த வன சாசனத்தை அறிந்தவர் சிலரே. மானுக்காக இனி எவனும் உயிரையோ உறுப்பையோ இழத்தல் கூடாதென்று அச்சாசனம் விதித்தது. தண்டம் செலுத்த வேண்டும். செலுத்த வழியற்றவன் ஓராண்டும் ஒரு நாளும் சிறையிருக்க வேண்டும். அதன்பின் பிணை நிற்பார் இல்லையெனின் நாட்டைவிட்டு நீங்க வேண்டும். இதே சாசனத்தில் வேறொரு விதியும் உண்டு. அத்தியட்சர் அல்லது பிரபு ஒருவர் அரசனிடம் செல்லும் வழியில் வனத்தினூடே போகும்போது ஒன்றிரண்டு மான்களை எடுத்துக்கொள்ளலாம். வனக்காவலன் அருகில் இல்லையெனின், திருடுகின்றார் என்ற எண்ணம் தோன்றாதிருக்கக் கொம்பை ஊதினாற் போதும்! ஒருவனுக்குச் சிறை, ஒருவருக்குக் கொம்பு. ஆயினும் மானின் உயிரினும் மனித உயிர் பெரிது என்று சட்டத்தை ஒப்புக்கொள்ளச் செய்தமையால் அச்சாசனம் போற்றத்தக்கதே.

கீழ்த்திசை தந்த அளவுகோல்

ஆங்கிலக் குடியானவனின் நெஞ்சில் எழுந்திருக்கக்கூடிய வினாவை, அவனுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் முன்னரே சீனத்து அறிஞர் ஒருவர் அரசன் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார். அவர் மென்சியஸ். கி. மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் சீ நாட்டை ஆண்ட சுவான் என்னும் அரசன் அவரிடம் குறைப்பட்டுக் கொண்டான். முன்னொரு காலத்தில் வென் என்னும் அரசனுடைய சோலை எழுபது லீ அளவானது. ஆயினும் மக்கள் அதனைச் சிறிதென்றனர். தன்னுடைய சோலை நாற்பது லீயே. அதனை மக்கள் பெரிதென்கின்றனர். இது நியாயமா என்பது அவன் கேள்வி.

மென்சியஸ் கூறிய மறுமொழியின் சாரம் இது. வென் அரசனின் சோலையிலே விறகு வெட்டுவோரும் புல் அறுப்போரும் முயல் பிடிப்போரும் தடையின்றிச் சென்று வந்தனர். மக்களுடன் அரசன் பகிர்ந்துகொண்டமையால் அது சிறிதாகவே தோன்றிற்று. சுவானின் சோலையிலோ மானைக் கொன்றவனுக்கு மனிதனைக் கொன்றவனுக்குரிய தண்டனை. ஆகவே அது நாட்டின் நடுவே வெட்டிய நாற்பது லீ அளவான பொறி. மக்கள் அதனைப் பெரிதென்று எண்ணியதில் வியப்பென்ன?

செனொபனின் காட்டையும் நோர்மானியரின் சோலையையும் இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். வேலியின் நீளமன்று, வேலிக்குள் யாருக்கு இடமுண்டு என்பதே கேள்வி.

ஆயினும் சரித்திரம் எளிதான தீர்ப்புக்களுக்கு இடங்கொடுப்பதில்லை. அதே சீனாவில், பீக்கிங் நகரின் தெற்கே இருந்த சக்கரவர்த்தியின் மதிற்சோலை குடிமக்களுக்கு முற்றாக அடைக்கப்பட்டிருந்தது. 1865-ம் ஆண்டு அர்மண் டேவிட் என்னும் பிரெஞ்சுக் குருவானவர் மதிலுக்கு உள்ளே ஒரு விசித்திர மானைக் கண்டார். வெளிக் காடுகளில் முற்றாக அழிந்துபோன அவ்வினம் அம்மதிலுக்குள் மட்டுமே எஞ்சியிருந்தது. 1895-ம் ஆண்டு வெள்ளம் மதிலை உடைத்தது. வெளிவந்த மான்களைப் பசித்த மக்கள் பிடித்து உண்டனர். 1900-ம் ஆண்டுக் கலகத்தோடு எஞ்சியவையும் ஒழிந்தன. முன்னரே ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டிருந்தவற்றுட் பதினெட்டு மான்களை ஓர் ஆங்கிலப் பிரபு தம் சோலையிலே திரட்டி வளர்த்ததனால் இனம் பிழைத்தது. 1985-ம் ஆண்டில் அவற்றின் வழித்தோன்றல்கள் பழைய சோலை இருந்த இடத்துக்கே மீண்டும் கொண்டுவரப்பட்டன. மான் அழியாது காத்தது அரசனின் மதில். மானை உண்டவனோ பசித்த ஏழை. ஏழையைப் பழிப்போமா? பட்டினி கிடப்பவனுக்கு மானின் அருமையைப் போதிக்க முடியாது. வயிறும் வனமும் சேர்ந்தே காக்கப்படவேண்டும் என்பதே இதிலுள்ள பாடம்.

நம் கரையை அடைந்த கதை

மத்திய காலம் கழிந்து ஐரோப்பியர் உலகக் கடல்களில் உலாவத் தொடங்கியதும் மானின் பயணமும் நீண்டது. ஒல்லாந்தர் 1639-ம் ஆண்டு ஜாவாத் தீவு மானை மொறீசியசில் இறக்கினர். ஆங்கிலேயத் தோட்டத் துரைமாரான கொட்றிங்டன் குடும்பத்தார் மேற்கிந்தியத் தீவாகிய பார்புடாவில் தாமா மானை விட்டனர். அடிமைகளாக அங்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களின் வழியினர் இன்று சுதந்திர நாட்டவர். அன்ரிகுவா - பார்புடா நாட்டின் தேசிய விலங்கு அந்தத் தாமா மான். எசமானுடைய மானைக் குடிகள் தம்முடையதாக்கிக்கொண்ட அருமையான உதாரணம் இது.

நமது இலங்கையிலும் இதற்கு ஒரு சான்று கூறப்படுவதுண்டு. தென்மேற்கே, களுத்துறைக்கும் காலிக்கும் இடைப்பட்ட ஈரநிலங்களிலும் தோட்டங்களிலும் பன்றிமான் எனப்படும் சிறிய மானினம் வாழ்கின்றது. இது போர்த்துக்கேயர் அல்லது ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில் வெளியிலிருந்து வந்ததாக நெடுங்காலமாகக் கருதப்பட்டு வருகின்றது. இன்று அதுவே அருகிவரும் உயிராய்ப் பாதுகாப்பை வேண்டி நிற்கின்றது. வந்த விலங்கு என்று அதனைத் தள்ளுவதா, இம்மண்ணின் விலங்கு என்று ஏற்பதா?

இவ்வாறு ஐரோப்பியத் தாமா உலகை வலம்வர, முதன்முதற் கடல் கடந்த பாரசீகத் தாமா என்னவாயிற்று? சைப்பிரசில் அஃது அழிந்தது, பாலஸ்தீனத்திலும் அழிந்தது, பூண்டோடு போயிற்றென்றே உலகம் எண்ணியது. 1950-களில் ஈரானின் தென்மேற்கே, ஆற்றங்கரைப் புதர்க்காடுகளில் ஒரு சிறு கூட்டம் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்து பேணி வளர்த்தவற்றின் வழியாகவே அவ்வினம் இன்று நிலைபெற்றுள்ளது. 1996-ம் ஆண்டு முதல் இஸ்ரவேலின் காடுகளிலும் மீண்டும் விடப்பட்டது. ஒரே மனிதன், ஒரு கையால் ஒரு மானை உலகெங்கும் பரப்பினான். மறுகையால் அதன் உடன்பிறப்பை அதன் பிறந்த மண்ணிலேயே தேய்த்துவிட்டான்.

முடிவுரை

நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம். மனிதன் மானைச் சுமந்தது இறைச்சிக்காக மட்டுமன்று. விட்டுவந்த மண்ணின் நினைவுக்காகச் சுமந்தான், தெய்வத்துக்காகச் சுமந்தான், செல்வத்தைக் காட்டச் சுமந்தான், அதிகாரத்தை நிறுவச் சுமந்தான். மான் எங்கு மேய்ந்ததோ அங்கு மனிதன் தன்னை எவ்வாறு எண்ணினான் என்பது எழுதப்பட்டிருக்கின்றது. மேலும், 'இது உள்ளூர்', 'இது வேற்றூர்' என்று நாம் இடும் கோடுகள் எத்துணை மெல்லியன என்பதும் விளங்குகின்றது. ஆயிரம் ஆண்டு வாழ்ந்த பின்னும் ஓர் உயிரை அந்நியம் என்பது எவ்வாறு? இவ்வினா மானுக்கு மட்டும் உரியதன்று.

நம் சிவபிரானின் திருமேனிகள் பலவற்றில் ஒரு கரத்திலே மான் ஏந்தியிருத்தலைக் காண்கிறோம். ஏந்துதல் வேறு, அடைத்தல் வேறு. ஏந்தியவன் அதன் பாரத்தைத் தானே தாங்குகின்றான். திருக்கோணமலைக் கோட்டை வாயிலைக் கடந்து கோணேசர் ஆலயத்துக்குச் செல்வோர், வழியிலே புள்ளிமான்கள் அச்சமின்றி நிற்பதைப் பார்த்திருப்பர். அவற்றுக்கு அங்கே உடையவன் என்று ஒருவனில்லை. ஆகவே அவை எல்லோருடைய பொறுப்புமாகும். அவற்றின் வாய்க்கு எட்டும் இடத்தில் ஒரு பொலித்தீன் பையையேனும் எறியாதிருப்பதும், எறிவோரைத் தடுப்பதும் நம் சங்கத்து இளைஞர் செய்யத்தக்க சிறு தொண்டு. மூத்தோர் வழிகாட்ட, இளையோர் கைகொடுத்தால் அஃது அரியதன்று.

வேலி போட்ட அரசர்களின் பெயரைச் சரித்திரம் எழுதிவைத்தது. வேலிக்கு வெளியே நின்ற குடியானவனின் பெயரை எவரும் எழுதவில்லை. மானின் கதையைப் படிப்பதால் அவனையும் நாம் நினைவுகூர்கின்றோம். இக்கட்டுரையின் பயன் அதுவே.